ஜோனிங் விதியில ராம்ப் எதுக்கு? கட்டட விதி போதாதா?

9 ஜனவரி 2025, கேள்வி

மாற்றுத்திறனாளி வசதியை எல்லாம் உள்ளூர் ஜோனிங் விதிக்குள்ளயே கொண்டு வரணும்னு ஒரு வரைவு வந்திருக்கு, கருத்து கேக்கறாங்க, இப்போ அதைப் பத்தித்தான் பேச்சு ஓடுது. ராம்ப், கதவு அகலம், லிஃப்ட், டாய்லெட் எல்லாம் கட்டட விதியில ஏற்கெனவே இருக்கே. ஜோனிங்னா எங்க வீடு, எங்க கடை, எவ்வளவு உயரம், சுத்தி எவ்வளவு இடம் விடணும், அவ்வளவுதான். ஒரே விஷயத்தை ரெண்டு புத்தகத்துல எழுதினா ஃபைல் ரெண்டு மேஜைக்குப் போகும், வேற என்ன லாபம்? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

9 ஜனவரி, இரவு

பதினாறு வருஷமா பிளான் வரையறவன், அந்த உரிமையில பதில் சொல்றேன். நீங்க சொல்றதுல பாதி சரி. கதவு அகலம், டாய்லெட் கைப்பிடி, லிஃப்ட் பட்டன் உயரம், இதுக்கெல்லாம் ஜோனிங்ல வேலை இல்ல. ஆனா ராம்ப் இருக்கு பாருங்க, அது கட்டடத்துக்குள்ள இருக்கற சாமான் இல்ல. கட்டடத்துக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கறது. அந்த நடுவுல இருக்கற இடத்தைத் தீர்மானிக்கிறது ஜோனிங்தான்.

கணக்கு போட்டுப் பாருங்க. பேஸ்மென்ட் மூணு அடி உயரம்னு வைங்க. ராம்ப் சரிவு 1:12, அதாவது ஒரு அங்குலம் ஏற பன்னிரண்டு அங்குலம் நீளம், இந்தக் கணக்கைத்தான் பல நாட்டுலயும் வச்சிருக்காங்க. அப்போ மூணு அடி ஏற முப்பத்தாறு அடி. அமெரிக்க விதிப்படி முப்பது அங்குலம் ஏறினதும் நிக்க ஒரு சமதளம் விடணும், மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ஒவ்வொண்ணும் அஞ்சு அடி. மொத்தம் ஐம்பத்தொரு அடி. முன்பக்கம் நீங்க விட்டது பத்து அடி. மீதி நாற்பத்தொரு அடியை ரோட்லயா போடுவீங்க?

கட்டட விதி கைக்கு வர்றதுக்குள்ள மனையில கட்டடம் எங்க உக்காரணும், தரை எவ்வளவு தூக்கணும், கேட் எங்க வரணும் எல்லாம் முடிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் ராம்ப் போடுன்னா எங்க போடறது? என் மேஜைக்கு வந்த பாதிப் பிளான்ல அதுதான் நடந்துச்சு.

10 ஜனவரி, காலை

ஐம்பத்தொரு அடின்னு எழுதினது கொஞ்சம் ஓவர். மேல இருக்கற சமதளத்தை வராண்டாவுல கழிச்சுக்கலாம், அப்போ நாற்பத்தாறு. நடுவுல மடிச்சுப் போட்டா நீளமும் பாதியாகும், ஆனா அகலம் ரெண்டு மடங்காகும். துணி மடிக்கிற மாதிரிதான், எப்படி மடிச்சாலும் துணி குறையாது.

10 ஜனவரி, மதியம்

"விதின்னு ஒண்ணு இருந்தா போட்டுத்தானே ஆகணும்"னு ஒருத்தர் சொல்றார். சார், உங்க நம்பிக்கை நல்லா இருக்கு.

நானே சொல்றேன், என் கையால காகித ராம்ப் போட்டிருக்கேன். ஒண்ணு ரெண்டு இல்ல. கிளையன்ட் சொல்வார், "ஏதோ ஒரு கோடு போட்டு விடுங்க, அப்ரூவல் வந்ததும் பாத்துக்கலாம்." நானும் ஒரு நீள்சதுரம், அதுல ஒரு அம்புக்குறி, பக்கத்துல 1:12னு எழுதிடுவேன். அந்த நீள்சதுரத்தோட நீளத்தை அளந்து உயரத்தால வகுத்துப் பாத்த ஆள் இந்த பதினாறு வருஷத்துல ஒரே ஒருத்தர். 1:7 வருதேன்னு ஃபைலைத் திருப்பி அனுப்பினார். அன்னிக்கு அவரைத் திட்டினேன், உண்மையைச் சொல்லணும்ல.

இன்னும் சில பிளான்ல ராம்ப்போட கீழ் முனை நேரா செடித் தொட்டியில போய் முட்டும். யாரும் கேக்கல.

12 ஜனவரி

சரி, இந்த விஷயத்துல எனக்கு ஏன் திடீர்னு அக்கறைன்னு தனியா கேட்டவங்களுக்கு. அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் வீல்சேர்தான். வீட்டு வாசல்ல மூணு படி, ஒவ்வொண்ணும் ஏழு அங்குலம், மொத்தம் இருபத்தோரு அங்குலம். விதிப்படி இருபத்தோரு அடி ராம்ப் வேணும். வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவுல ஒன்பது அடி. நான் என்ன பண்ணேன்? ஊருக்கெல்லாம் 1:12னு எழுதிக் குடுத்தவன், என் வீட்டுல மேஸ்திரிகிட்ட "ஒன்பது அடிக்குள்ள முடிச்சிருங்க"ன்னு சொன்னேன். அது கிட்டத்தட்ட 1:5. மேஸ்திரி கூட ஒரு நிமிஷம் என்னைப் பாத்தார்.

ஏத்தறப்ப கொஞ்சம் பின்னாடி போயி ஓடி வந்து தள்ளினா ஏறிடும். இறக்கறப்ப திருப்பி வச்சு, நான் கீழ நின்னு முதுகால தாங்கி மெதுவா விடணும். ஒருநாள் நான் இல்லாதப்ப தங்கச்சி நேராவே இறக்கிட்டா. ராம்ப் முடியற இடத்துல சிமெண்டுக்கும் கல்லுக்கும் நடுவுல அரை அங்குலத்துக்கு மேல ஒரு விளிம்பு இருந்துச்சு. பெரிய சக்கரத்துக்கு அது ஒண்ணுமே இல்ல. முன்னாடி இருக்கற குட்டிச் சக்கரம் அதுல மாட்டிக்கிச்சு. வண்டி நின்னுடுச்சு, அம்மா நிக்கல. முழங்கால் சிராய்ப்போட போச்சு, கேட் கம்பியைப் பிடிச்சுட்டாங்க.

சாயந்திரம் நான் வந்ததும் அம்மா சொன்னது ஒரே வார்த்தை. "அடுத்த தடவை என்னை இறக்கறதுக்கு முன்னாடி நீ ஒரு தரம் உக்காந்து இறங்கிப் பாருடா." உக்காந்தேன். தங்கச்சி பிடிச்சா. மேல இருந்து பாக்கறப்ப அது சரிவா தெரியல, கிணத்தை எட்டிப் பாக்கற மாதிரி இருந்துச்சு. பேப்பர்ல 1:5க்கும் 1:12க்கும் வித்தியாசம் ஒரு நம்பர். உக்காந்தவனுக்குத்தான் தெரியும் அது என்னன்னு.

அப்புறம் பக்கவாட்டுல, மதிலை ஒட்டி, இருபத்தோரு அடி ராம்ப் போடலாம்னு முடிவு பண்ணினோம். இங்கதான் நம்ம தலைப்பு வருது. பக்கவாட்டு செட்பேக்ல, அதாவது கட்டடத்தைச் சுத்தி காலியா விட வேண்டிய இடத்துல, கட்டுமானம் கூடாதாம். படின்னா பரவாயில்ல, ராம்ப்னா கட்டுமானம்னு ஒரு ஆபீஸ்ல சொன்னாங்க. ஏழு வாரம் அலைஞ்சேன். வேடிக்கை என்னன்னா, அம்மாவைத் தள்ளிவிட்ட அந்த 1:5 ராம்ப்புக்கு யார் அனுமதியும் தேவைப்படல, அதுவும் செட்பேக்லதான் இருந்துச்சு. சரியான ராம்ப்புக்குத்தான் ஏழு வாரம்.

13 ஜனவரி

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேட்டவருக்கு, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும். இந்தியாவுல 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதுல பிரிவு 44 இருக்கு. மத்திய அரசு வகுத்த விதிக்குப் பொருந்தாத பிளானுக்கு அனுமதி தரக்கூடாது, கட்டி முடிச்ச பிறகும் பொருந்தலைன்னா கம்ப்ளீஷன் சர்டிபிகேட் தரக்கூடாது. அடுத்த பிரிவு, ஏற்கெனவே இருக்கற பொதுக் கட்டடங்களை விதி வந்த அஞ்சு வருஷத்துக்குள்ள மாத்தணும். படிக்க ரொம்ப கறாரா இருக்கு. ஆனா 2017ல வந்த விதியில 15வது விதி போய்க் கைகாட்டினது வெறும் வழிகாட்டிக் குறிப்புகளை. செய்யலாம், செஞ்சா நல்லது, முடிஞ்ச வரைக்கும், இந்த பாஷை. 2024 நவம்பர்ல ராஜீவ் ரதூரி வழக்குல உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடிச்சுச்சு. சட்டம் கட்டாயம்னு சொல்லுது, நீங்க விதியில பரிந்துரைன்னு எழுதி வச்சிருக்கீங்க, அது செல்லாது, கட்டாயமான குறைந்தபட்ச அளவுகளைத் தனியா பிரிச்சு மூணு மாசத்துல எழுதுங்கன்னு.

அந்தத் தீர்ப்பு நல்லா பிடிச்சிருந்துச்சு. என் காகித ராம்ப்புக்கு ஒரு வக்கீல் பேர் வச்ச மாதிரி.

13 ஜனவரி, இரவு

மேல எழுதினதுல ஒரு திருத்தம். பிரிவு 44 நிறுவனங்களுக்குத்தான், "எந்த நிறுவனத்துக்கும் அனுமதி தரக்கூடாது"ன்னுதான் வாசகம். என் வீடு, உங்க வீடு அதுல வராது. அமெரிக்காவுலயும் இதே ஓட்டைதான். 1990ல வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் தனி வீட்டைத் தொடல. 1988 வீட்டுவசதிச் சட்டத் திருத்தம் நாலு வீட்டுக்கு மேல இருக்கற கட்டடத்தைத்தான் தொட்டுச்சு, அதுவும் 1991 மார்ச்சுக்கு அப்புறம் குடிவந்ததை மட்டும்.

(நாலு வீட்டுக்கு மேலன்னா அஞ்சுல இருந்துன்னு ஆயிடும். நாலும் சேத்திதான், நாலும் அதுக்கு மேலயும்.)

15 ஜனவரி

தனி வீட்டுக்கு வருவோம். அட்லாண்டாவுல எலினார் ஸ்மித்னு ஒரு அம்மா, வீல்சேர்ல இருக்கறவங்க, 1987ல ஒரு எளிமையான கேள்வியைக் கிளப்பினாங்க. என் வீட்டை எனக்கு ஏத்த மாதிரி நான் மாத்திக்கறேன், சரி. என் தோழி வீட்டுக்கு நான் எப்படிப் போறது? அவங்க கேட்டது மூணே மூணு. ஏதாவது ஒரு வாசல்ல படி இருக்கக் கூடாது, முன்னால், பின்னால், பக்கம் எதுவா இருந்தாலும் சரி. கீழ்த்தளக் கதவெல்லாம் வீல்சேர் நுழையற அகலம், முப்பத்திரண்டு அங்குலம் தெளிவா. கீழ ஒரு டாய்லெட். அவ்வளவுதான். அட்லாண்டா 1992ல மானியம் வாங்கற புது வீட்டுக்கு மட்டும் இதைக் கொண்டு வந்துச்சு. அரிசோனாவுல பீமா கவுண்டி 2002ல எல்லாப் புது தனி வீட்டுக்கும்னு போட்டாங்க. கட்டறவங்க கோர்ட்டுக்குப் போனாங்க, என் வீட்டு வாசல் எப்படி இருக்கணும்னு நீ யார் சொல்றதுக்குன்னு. அடுத்த வருஷமே மேல்முறையீட்டு நீதிமன்றம் கவுண்டி பக்கம் சொல்லிடுச்சு.

நான் எனக்கு வேணும்னு அலைஞ்சேன், அந்தம்மா தோழி வீட்டுக்குப் போகணும்னு அலைஞ்சாங்க. அம்மா இந்த ரெண்டு வருஷத்துல ஒரு சொந்தக்காரங்க வீட்டுக்கும் போகல. எல்லாரும் நம்ம வீட்டுக்கு வந்துட்டுப் போறாங்க, நல்ல மனுஷங்க. அது வேற.

15 ஜனவரி

"தம்பி, அப்போ மாடி வீட்டுக்கு?"ன்னு கேட்ட அண்ணனுக்கு: மாடியில இருக்கறவங்க கீழ வந்து பேசட்டும்ணே.

18 ஜனவரி

நேத்து ஒருத்தர் எழுதினது எனக்கு உறைச்சுச்சு. அவருக்குப் பார்வை ரொம்பக் குறைவு. "மாற்றுத்திறன்னா உங்களுக்கெல்லாம் வீல்சேர் மட்டும்தானா? நீங்க நடைபாதை விளிம்பை எல்லாம் சரிச்சு விட்டா, ரோடு எங்க ஆரம்பிக்குதுன்னு என் கால் எப்படிக் கண்டுபிடிக்கும்?"

முழுசா சரி. பிளாட்பாரத்தோட அந்த ஆறு அங்குல விளிம்பு எங்க அம்மாவுக்குச் சுவர், அவருக்கு அதுவே எல்லைக்கல். அம்மாவுக்காக அதை வெட்டி எடுத்தா அவர் ரோட்டுக்குள்ள நடந்து போயிடுவார். அதுக்குத்தான் காலுக்குத் தெரியற மாதிரி புள்ளி புள்ளியா மஞ்சள் கல் பதிக்கிறது. அந்தக் கல்லை 1965ல ஜப்பான்ல செயிச்சி மியாகேன்னு ஒருத்தர் உண்டாக்கினார், 1967ல ஒகாயாமாவுல ரோட்டுல பதிச்சாங்க. வீல்சேருக்கான சரிவும் பார்வை இல்லாதவங்களுக்கான புள்ளிக் கல்லும் ஒரே இடத்துல, ஒரே சமயத்துல வரணும், ஒண்ணு வந்து இன்னொண்ணு வரலைன்னா ஒருத்தருக்கு உதவி பண்றேன்னு இன்னொருத்தரை லாரி முன்னாடி நிறுத்தற கதை.

இந்த வேலையை யார் பண்றது? நடைபாதை நகராட்சியோடது, கேட்டுக்கு உள்ள மனைக்காரரோடது. கட்டட விதி கேட்டோட நின்னுடும். ரெண்டையும் சேத்துப் பேசற ஒரே புத்தகம் மனைப் பிரிவும் ஜோனிங்கும்தான். கேள்வி கேட்டவருக்கு நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது இது, ராம்ப் கணக்குல மூழ்கிட்டேன்.

18 ஜனவரி, இரவு

கொஞ்சம் தடம் மாறுது, பார்க்கிங் பத்தி. இப்ப பல நகரங்கள்ல "இத்தனை பார்க்கிங் கண்டிப்பா வேணும்"ங்கற விதியை எடுத்துட்டு வர்றாங்க. பஃபலோ நகரம் 2017ல நகரம் முழுக்க எடுத்துச்சு. எனக்கும் அது பிடிக்கும், காருக்காகவே ஊரைக் கட்டறது தப்பு. ஆனா அமெரிக்காவுல மாற்றுத்திறனாளி பார்க்கிங் எண்ணிக்கையை, போட்ட பார்க்கிங்கை வச்சுத்தான் கணக்குப் போடறாங்க. ஒண்ணுல இருந்து இருபத்தஞ்சு வரைக்கும் ஒண்ணு, அப்படியே ஏறும். பார்க்கிங்கே போடலைன்னா? பூஜ்யத்துல எத்தனை சதவீதம் எடுத்தாலும் பூஜ்யம். வேன்ல இருந்து பக்கவாட்டுல ராம்ப் இறக்கி இறங்கறவங்க எங்க இறங்குவாங்க? பார்க்கிங் கட்டாயத்தை எடுக்கறப்ப "இது ஒண்ணு மட்டும் இருக்கணும்"னு அதே ஜோனிங் புத்தகத்துலதான் எழுதணும், வேற எங்கயும் எழுத முடியாது.

21 ஜனவரி

ஜோனிங்கை நான் ரொம்பப் புகழ்ந்துட்டேன் போல. அதோட இன்னொரு முகத்தையும் சொல்லிடறேன். டெக்சஸ்ல கிளிபர்ன்னு ஒரு ஊர். அறிவுசார் குறைபாடு இருக்கறவங்க சிலர் சேர்ந்து வாழ ஒரு வீடு வேணும்னு கேட்டாங்க. ஜோனிங் விதிப்படி தனி அனுமதி வேணும்னு சொல்லி ஊர் மறுத்துடுச்சு. அதே இடத்துல ஹாஸ்டல், அபார்ட்மென்ட்டுக்கெல்லாம் அந்தத் தனி அனுமதி தேவையில்ல. 1985ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் அந்த மறுப்பு செல்லாதுன்னு ஆச்சு. அதாவது ராம்ப்பைப் போட வைக்கிற அதே புத்தகம் ஆளையே உள்ள விடாம நிறுத்தவும் பயன்படும். நம்ம வரைவுல ராம்ப் பத்தி நாலு பக்கம் எழுதிட்டு, அஞ்சாவது பக்கத்துல "காப்பகம், பராமரிப்பு இல்லம் குடியிருப்புப் பகுதியில கூடாது"ன்னு ஒரு வரி கிடந்தா மொத்தமும் வீண். வரைவைப் படிக்கிறவங்க ராம்ப் பக்கத்தோட நிறுத்திடாதீங்க.

23 ஜனவரி

மனசு மாறினேன்னு சொல்ல மாட்டேன், பாதி நகர்ந்திருக்கேன். ஏன்னா ஜோனிங்ல ஒண்ணு இருக்கு, தளர்வு. எதை எழுதினாலும் "என் மனை குறுகல், என் மனை மேடு"ன்னு ஒரு விண்ணப்பம் போட்டு விலக்கு வாங்கலாம். அதுதான் அந்தப் புத்தகத்தோட சுபாவம். அதுல போய் அளவுகளை வச்சா பேரம் பேசற பொருளா ஆயிடும். அப்புறம் தேடிப் பாத்ததுல, நான் மேல பெருமையா எழுதின பீமா கவுண்டி கூட அதைக் கட்டட விதியாத்தான் கொண்டு வந்திருக்கு, ஜோனிங்கா இல்ல. அசடு வழியறேன்.

இங்கிலாந்து பண்ணினதுதான் எனக்கு இப்ப சரியா படுது. 2015ல இருந்து அளவு எல்லாம் கட்டட விதியில இருக்கு, பார்ட் எம்னு. சாதா வீடு, மாத்தியமைக்கக்கூடிய வீடு, வீல்சேர் வீடுன்னு மூணு தரம். எத்தனை வீடு எந்தத் தரத்துல வேணும்ங்கறதை மட்டும் உள்ளூர் திட்டம் சொல்லும். லண்டன்ல புது வீட்டுல பத்துல ஒண்ணு வீல்சேர் தரம், மீதி ரெண்டாவது தரம்னு வச்சிருக்காங்க. அளவு ஒரு புத்தகம், எண்ணிக்கையும் இடமும் இன்னொண்ணு. கேள்வி கேட்டவர் பயந்த ரெட்டை வேலை அங்க இல்ல, ஒண்ணு இன்னொண்ணைக் கூப்பிடுது.

24 ஜனவரி

"வெள்ளம் வர்ற இடத்துல தரையை உயர்த்தச் சொல்றீங்க, அப்புறம் படி வேண்டாம்ங்கறீங்க, எதைக் கேக்கறது?"ன்னு ஒரு இன்ஜினியர். நியாயமான அடி. பதில் முழுசா என்கிட்ட இல்ல. மனைக்கு நீளம் இருந்தா மண்ணையே மெதுவா ஏத்திக் கொண்டு போகலாம், 1:20 வரைக்கும் சரிவுன்னா அமெரிக்க விதியில அது ராம்ப்பே இல்ல, சாதா பாதை, கைப்பிடி கூட வேண்டாம். ஆனா மூணு அடிக்கு அறுபது அடி வேணும். குறுகின மனையில ரெண்டு மூணு வீட்டுக்குச் சேத்து ஒரு பொதுச் சரிவு போடலாம். அதுக்கு மதிலை உடைக்கணும். மதிலை உடைக்க அண்ணன் தம்பியே சம்மதிக்க மாட்டாங்க, அக்கம்பக்கத்தைச் சொல்லவே வேண்டாம். அந்த மாதிரி இடத்துல தளர்வு குடுத்துத்தான் ஆகணும்.

27 ஜனவரி

கருத்து அனுப்பக் கடைசி நாள் இன்னிக்கு. நான் அனுப்பினது இது, ஒட்டறேன்.

செட்பேக்ல 1:12 ராம்ப், கைப்பிடியோட, அனுமதி கேக்காம போடலாம்னு எழுதுங்க, படிக்கு இருக்கற சலுகை அதுக்கும் வேணும். மனை அனுமதி வரைபடத்துல ரோட்டு மட்டம், கேட் மட்டம், வாசல் மட்டம் மூணையும் எண்ணா எழுதணும், கோடும் அம்புக்குறியும் செல்லாது. நடைபாதையை எங்க சரிச்சாலும் அங்கேயே புள்ளிக் கல். கதவு, டாய்லெட் அளவு இங்க வேண்டாம், கட்டட விதியைக் கைகாட்டினா போதும். பார்க்கிங் குறைச்சா இறங்கற இடம் ஒண்ணு குறையக் கூடாது. தளர்வு குடுத்தா, ஏன் குடுத்தீங்கன்னு எழுத்துல, எல்லாரும் பாக்கற மாதிரி.

அந்த ரெண்டாவதை எழுதறப்ப கொஞ்சம் கூச்சமா இருந்துச்சு. அம்புக்குறி செல்லாதுன்னு எழுதறது யாருன்னு எனக்குத் தெரியும்ல.

2 பிப்ரவரி

கேட்டவங்களுக்கு: ஆமா, பக்கவாட்டு ராம்ப் முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சு, அம்மா யார் துணையும் இல்லாம கேட் வரைக்கும் வர்றாங்க. கீழ விளிம்பு இல்லாம நானே பக்கத்துல நின்னு மட்டம் பாத்து முடிச்சேன். நேத்து மழையில பாத்தா, விளிம்பு இல்லாம பண்றேன்னு தண்ணி போற வழியையும் சேத்து அடைச்சிருக்கேன், ராம்ப் அடியில குளம் மாதிரி நிக்குது. அம்மா வராண்டாவுல இருந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, சிரிச்சாங்க. நாளைக்கு மேஸ்திரி வர்றார்.